ரிஸ்க் எடுப்பாரா மாட்டாரா: ஃபார்மை நம்புறதா, ஸ்டேட்மென்ட்டை நம்புறதா?

ஒருத்தருக்கு எவ்ளோ ரிஸ்க் ஒத்துவரும்னு தெரிஞ்சுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ரிஸ்க் ப்ரொஃபைல் கேள்வி ஃபார்ம், இன்னொண்ணு அவர் பணம் இதுவரைக்கும் எங்க போச்சு எப்ப வெளிய வந்துச்சுன்னு பாக்குறது. மியூச்சுவல் ஃபண்டு ஆலோசனை வேலைல இருக்குற நான் ரெண்டாவது பக்கம் சாஞ்சவன், நடுநிலைலாம் எதிர்பாக்காதீங்க.

ஃபார்ம் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபியோட 2013 விதிப்படி பதிவு பண்ண ஆலோசகர் ரிஸ்க் ப்ரொஃபைல் எடுத்தே ஆகணும், சீக்கிரமா முடிஞ்சிரும். ஆனா மார்க்கெட் ஏறிட்டு இருக்கும்போது "20% விழுந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் "இன்னும் வாங்குவேன்"னுதான் டிக் அடிப்பாங்க.

ஸ்டேட்மென்ட்ல அந்த வீராப்பு செல்லாது. பான் நம்பர் வச்சு, ஃபண்டு கம்பெனிகளுக்கு கணக்கு பாத்துக்குற கேம்ஸ், கேஃபின்டெக் வழியா எல்லா ஃபண்டுக்கும் சேத்து ஒரே ஸ்டேட்மென்ட் வாங்கிடலாம். நான் நேரா கொரோனால மார்க்கெட் சரிஞ்ச 2020 மார்ச்சுக்குதான் போவேன். ஜனவரி நடுவுல 12,362ல இருந்த நிஃப்டி (பெரிய 50 கம்பெனி ஷேரோட குறியீடு) மார்ச் 23ல 7,610, அந்த வாரத்துல அந்தாளு என்ன பண்ணாருங்கறது எந்த ஃபார்மும் சொல்லாத சேதி.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல், நான் மல்லுக்கட்டுற இடமும் இதுதான். அந்த முடிவு அவரே எடுத்ததா? அப்ப விக்காம இருந்தவர பாத்து "தைரியசாலி"ன்னு எழுதிடலாம், ஆனா அவர் கைல இருந்தது ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட இஎல்எஸ்எஸ்ஸா (வரி மிச்சம் பண்ற ஃபண்டு) இருந்தா மூணு வருஷ லாக்-இன், நெனச்சாலும் வித்திருக்க முடியாது. மாசாமாசம் போடுற எஸ்ஐபி நிக்காம போயிருக்கா, பேங்க்ல தானா பணம் எடுக்க குடுத்த மேண்டேட் இருக்கு, ஆப்பையே தொறக்காதவருக்கும் அது போகும். அதே மாதிரி வித்தவர் எல்லாரும் பயந்தாங்கொள்ளியும் இல்ல, லாக்டவுன்ல சம்பளம் பாதி ஆனவர் வேற என்ன பண்ணுவாரு? அதனால அந்த மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்குவேன். வித்த காசு அப்படியே எஃப்டில போய் உக்காந்திருந்தா பயம், இஎம்ஐக்கும் வாடகைக்கும் போயிருந்தா தேவை. இன்னும் விழும்னு கணக்கு போட்டு வித்தவரும் உண்டு, அவர் பயப்படல, அவரோட கணிப்பு அப்படி, அத ஸ்டேட்மென்ட்ட வச்சு பிரிக்கவே முடியாது, ஆள உக்காரவச்சு பேசித்தான் ஆகணும்.

இன்சூரன்ஸ் பாலிசிய வச்சு ஆள எடைபோடுறவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல அவ்ளோ நம்பிக்கை இல்ல. அமெரிக்க வீட்டு இன்சூரன்ஸ் பத்தி ஜஸ்டின் சிட்னர் 2010ல எழுதுன ஆய்வுல, க்ளெய்ம் வந்தா முதல்ல நம்ம கைலருந்து கட்டவேண்டிய தொகைய 1,000 டாலர்லருந்து 500க்கு குறைக்க மக்கள் வருஷம் 100 டாலர் கிட்ட கூடுதல் பிரீமியம் கட்டிருக்காங்க. க்ளெய்ம் வர வாய்ப்போ 5%க்கும் கீழ, அப்ப அந்த 500 டாலர் பாதுகாப்போட மதிப்பு 25 டாலர்கூட தேறாது. இதையே ரிஸ்க் பயம்னு எடுத்துக்கிட்டா அந்த மனுஷன் ஷேர் பக்கமே தலைவச்சு படுக்கக்கூடாது!

ஸ்டேட்மென்ட்லயும் ஓட்டை இருக்கு. நகை, இடம், ஏலச்சீட்டு எதுவும் அதுல வராது. 2020க்கு அப்புறம் ஆரம்பிச்சவங்க அந்த மாதிரி சரிவ பாத்ததே இல்ல, அவங்களுக்கு வேற வழியில்லாம ஃபார்ம்தான். ஃபார்ம் சொல்றத விட ஈக்விட்டிய, அதாவது ஷேர்ல போடுற பங்க, கொஞ்சம் கம்மியா வச்சு ஆரம்பிக்கிறேன், அது சரியான அளவான்னு அடுத்த பெரிய சரிவு வந்தாதான் என்னால சொல்ல முடியும்.