அக்ரூட் என்று சொல்லி சில்வர் ஓக்: துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருக்கும் நீலகிரிக்காரர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தாத்தா காலத்துத் துப்பாக்கியை லைசன்ஸோடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. துப்பாக்கிக்கு அக்ரூட் (வால்நட்) மரத்தில் புதுக் கட்டை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற மரப்பகுதி, செய்து தருவதாக வந்த ஒரு ஆளிடம் ஏமாந்து எனக்குப் போனது ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய். ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்ததை நினைத்தால் பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு துப்பாக்கி. ஒன்று பன்னிரண்டு போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்), இன்னொன்று இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள். தேயிலைக்குள் பன்றி வருகிறது என்று தாத்தா லைசன்ஸ் எடுத்தார். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு வேட்டைப் பேச்சே கிடையாது. அப்பா காலம் முழுக்க அந்த ரைஃபிள் வருடத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் பார்த்தது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்வந்தது, அவ்வளவுதான்.

எனக்கும் சுடுகிற ஆசை இல்லை. வரையாட்டை பைனாகுலரில் பார்த்தாலே போதும் என்கிற ஆள் நான். ஆனால் துப்பாக்கி என்கிற பொருள்மேல் பைத்தியம். பத்தாவது படிக்கும்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரைஃபிள் வரைந்து வைத்திருந்தேன். ஜெர்மன் மௌசர் 98 ரைஃபிளின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), ஒரே துண்டாக அக்ரூட் மரக் கட்டை, எண்ணெய் தேய்த்த மெருகு, கைப்பிடியில் வைரம் வைரமாக வெட்டிய செக்கரிங். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் பரிசாகக் கொடுத்தார்களே, .275 ரிக்பி, அந்தத் தோட்டாவுக்கு அந்த மாதிரி ஒன்று. ரிக்பி கம்பெனி வைத்த பெயர்தான் .275, உள்ளே இருப்பது ஜெர்மன்காரனின் 7×57 மௌசர் தோட்டாவேதான். இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன்தான் ஏமாந்தேன், பாருங்கள்.

எங்கள் .315-ஐ அழகு என்று தாத்தாகூடச் சொல்லமாட்டார். ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் .303-ஐத் தடுத்தான், அதற்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்தது .315. தோட்டா வேறானாலும் உடம்பு வெள்ளைக்கார ராணுவத்தின் அதே லீ-என்ஃபீல்டு ரைஃபிள் உடம்பு. கட்டை இரண்டு துண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் பின்கட்டை சொருகுவதற்கு ஒரு இரும்புக் கிண்ணம். இந்தக் கிண்ணத்தை நினைவில் வையுங்கள்.

2024 பிப்ரவரியில் ஒரு ஆள் வந்தார். கேரளாப் பக்கம் துப்பாக்கிக் கடையில் இருபது வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னார். எஸ்டேட் பங்களாக்களில் பழைய துப்பாக்கிகளைப் புதுப்பித்த படங்களைப் போனில் காட்டினார். பையிலிருந்து கையகல மரத்துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாக்லேட் நிறத்தில் புகை மாதிரி கறுப்பு ரேகை ஓடும் மரம். கனமாக, பட்டு மாதிரி இருந்தது. "காஷ்மீர் அக்ரூட்ணா. எட்டு வருஷம் நிழல்ல காஞ்சது" என்றார். அந்தத் துண்டு நிஜ அக்ரூட்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதைக் காட்டித்தான் ஊர் ஊராகப் பிடிக்கிறார் போல.

"ரைஃபிளைக் கொடுங்க, ஒரு மாசத்துல கொண்டு வரேன்" என்றார். என் மச்சான் பக்கத்திலேயே இருந்தார். "ரைஃபிள் வீட்டைவிட்டுப் போகாது. அளவு வேணும்னா இங்கேயே எடுத்துக்கட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு மச்சான்மேல் கோபம்தான் வந்தது. அந்த ஆள் முகம் சுளிக்காமல் அட்டையை வெட்டி, டேப் வைத்து, என் கைநீளம் எல்லாம் அளந்து இரண்டு மணி நேரம் வேலை செய்தார். அட்வான்ஸ் நாற்பதாயிரம், ரொக்கம். ரசீது கேட்டதற்கு நோட்டுப் பேப்பரில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் பெயர் படிக்கிற மாதிரி இல்லை என்பதை நான் கவனித்தது ஜூன் மாதம்.

மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல இரண்டு துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். மே மாதம் கட்டையைக் கொண்டுவந்தார். ரைஃபிள் கையில் இல்லை, பொருத்திப் பார்க்க வழியில்லை. பார்வைக்கு அருமையாக இருந்தது. ஒரே துண்டு, நான் நோட்டில் வரைந்த அதே வளைவு, பின்னால் ரப்பர் வைத்து முடித்திருந்தார். முப்பத்தைந்தாயிரம் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். போகிறபோக்கில், "அண்ணா, .275 பேரல் ஒண்ணு வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் பெட்டியில வருது. உங்க ரைஃபிளுக்கே மாத்திடலாம், யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார். .315 விளிம்பு வைத்த தோட்டா. .275 விளிம்பில்லாதது. மேகஸின், போல்ட் முகப்பு, தோட்டாவை இழுக்கும் கொக்கி எதுவுமே ஒத்துவராது. எனக்கே தெரிந்த விஷயம் இது. ஆனாலும் முப்பதாயிரம் எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

ஜூன் 4-ஆம் தேதி முடிவு வந்து, அடுத்த வாரம் ரைஃபிளை வாங்கி வந்தேன். கட்டையில் உட்கார வைத்தால் உட்காரவே இல்லை. அந்த இரும்புக் கிண்ணம் தடுக்கிறது. அதை அறுத்துப் போட்டாலொழிய என்ஃபீல்டு உடம்பு ஒற்றைக் கட்டையில் இறங்காது. யாரோ மௌசருக்கு வெட்டிய அச்சை வைத்து அப்படியே மெஷினில் செதுக்கியிருக்கிறார். இரண்டு மணி நேரம் என்னை அளந்தது முழுக்க நாடகம்.

அப்புறம்தான் பின்னால் இருந்த ரப்பரைக் கழற்றினேன். இரண்டே ஸ்க்ரூ. சாயம் படாத மரம் உள்ளே தெரிந்தது. வெளிர் சிவப்பு, பளபளவென்று மீன் செதில் மாதிரி புள்ளி புள்ளியாகச் சிதறிய ரேகை. பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியில்தான் நடக்கிறேன். தேயிலைக்கு நிழலாக நிற்பது, வெட்டினால் பிளைவுட் மில்லுக்குப் போவது. சில்வர் ஓக். என் தோட்டத்திலேயே நிறைய நிற்கிறது. மேலே பூசியிருந்தது அக்ரூட் நிறச் சாயம். செக்கரிங் கையால் வெட்டியதே இல்லை, அச்சு வைத்து அழுத்தியது. நகத்தால் தடவினால் முனையே இல்லாமல் மொழுக்கென்று இருந்தது.

போன் போட்டேன். முதல் வாரம் "வரேண்ணா" என்றார், இரண்டாவது வாரம் எடுக்கவில்லை, அப்புறம் நம்பரே இல்லை.

கோயமுத்தூரில் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றுக்குக் கட்டையை எடுத்துப் போனேன். கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். கட்டையைப் பார்த்துச் சிரித்தார். பேரல் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏனுங்க தம்பி, பேரலும் ஆயுதந்தானுங்க. தனியா வெச்சிருந்தாலும் கேசு" என்றார். ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிக் கணக்கில்தான் வருகிறதாம். லைசன்ஸில் எந்த போர், அதாவது எந்தக் குழல் அளவு என்று எழுதியிருக்கிறது, பேரலை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. ரிப்பேர் பார்ப்பதற்குக்கூட அதற்கான லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 வருடத்துக்குக் குறையாத தண்டனை. அதே திருத்தத்தில் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். என்னிடம் ஏற்கெனவே இரண்டு. ஆக, நோட்டில் வரைந்த ரைஃபிள் எந்த வழியிலும் என் பேரில் ஏறியிருக்காது. பேரல் வரவே இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

கட்டைக்கு அவர் சொன்ன யோசனை இவ்வளவுதான்: இஷாப்பூர் ரைஃபிளின் பழைய கட்டையைச் சுரண்டி, எண்ணெய் ஊட்டி, கீறலை மட்டும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். லைசன்ஸில் பதிந்து, பில் போட்டு, செலவு ஆறாயிரத்துக்குள். செய்துவிட்டேன். தாத்தாவின் கைபட்ட இடம் கறுத்திருந்ததை மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள், அதோடு நிற்கிறது. அங்கே என்னிடம் மூன்று தடவை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரைஃபிளை அவன் கையில கொடுத்தீங்களா?" மூன்று தடவையும் இல்லை என்று சொல்ல முடிந்தது மச்சானால்தான்.

அந்த ஆளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, பேச்சு அவ்வளவு பணிவு. இப்போது கூடலூர், பந்தலூர் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. கையில் அக்ரூட் துண்டோடு யாராவது வந்தால் கடையின் லைசன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்த கட்டையைக் கொண்டுவந்தால் பணம் எண்ணுவதற்கு முன்னால் ரப்பரைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லை என்பார். உங்கள் வீட்டில் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.