மூன்று சுழியை விழுங்கும் எழுத்துரு

ஒரு தமிழ் எழுத்துரு அரை விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று தேவகோட்டையில் பலகாரக் கடை திறக்கவிருக்கும் நண்பர் கேட்கிறார். கடை முகப்பு குறுகல். பலகையில் எழுத வேண்டியதோ நிறைய. நான் முழு விலை கொடுத்து வாங்கி, காரைக்குடியில் என் அச்சகத்தில் அழைப்பிதழ் முதல் ஃபிளெக்ஸ் வரை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒடுக்கமான தலைப்பு எழுத்துரு அது. பெயர் அவருக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்குத்தான் ஒரு வரியின் அருமை தெரியும். விலாசம், ஊர், கோவில், பிரிவு எல்லாம் வர வேண்டும். பாதியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால் முகம் சுளிப்பார்கள். ‘இளையாத்தங்குடிக் கோவில் பெருமருதூருடையார் பிரிவு’ என்பதைத் தடித்த எழுத்தில் ஒரே வரியில் நிறுத்த எனக்கு இதுதான் கைகொடுத்தது. சாதாரண எழுத்தைக் கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளில் பக்கவாட்டில் நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் மட்டும் தடித்துக் கிடக்கும். இது ஒடுக்கமாகவே வரையப்பட்டது. க, ச, த மூன்றும் நெருங்கி நிற்கும் அழகுக்கே காசு தகும்.

ஆனால் அந்த ண இருக்கிறதே! இருப்பதிலேயே தடித்த வடிவில் அதற்கும் ன-வுக்கும் ஏறக்குறைய ஒரே அகலம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சுழியையும் அதற்குள் அடைத்ததில், நடுவில் மிஞ்சும் வெள்ளை மயிரிழைதான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தங்க மை சற்றே பரவும், வெள்ளை அடைபடும். மாதிரியைக் கையில் வாங்கிய ஆச்சி ஒருவர், “தம்பி, திருமணத்தில் ஒரு சுழியை எங்கே விட்டாய்?” என்றார். வரைந்தவர்களுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

ளை, ணை தனித் தலைவலி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தும்பிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டியே இருந்தது. இப்போது முன்னால் தனிக் குறி நின்று இடம் கேட்கிறது. பழைய வடிவத்தை மாற்று எழுத்தாகவாவது வைத்திருக்கலாம். தலைப்பு எழுத்துக்கு அந்தச் சலுகை கூடவா இல்லை?

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ‘வெள்ளைப் பணியாரம்’ என்று பலகை வைத்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்பவருக்குப் பனியாரம்தான் தெரியும். மும்பையின் எக் டைப் எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட அனேக் தமிழ் என்ற எழுத்துரு இலவசம். அகலத்தை, இயல்பான அளவை 100 என்று வைத்தால், 75 முதல் 125 வரை வேண்டியபடி நகர்த்தலாம், உங்கள் பலகைக்கு அது தாராளம். வரும் முகூர்த்தத்துக்கு என் மேசையில் இருக்கும் பத்திரிகைகள் மட்டும் இந்தப் பாழாய்ப்போன எழுத்துருவில்தான் போகின்றன. ண-வை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் அகட்டிக்கொண்டிருக்கிறேன்.