கேஸ்லைட்: 1940-ஆ, 1944-ஆ?

ஒரே பெயரில் வந்த இந்த இரண்டு படங்களுக்கும் மூலம் பேட்ரிக் ஹாமில்டனின் 1938 மேடை நாடகம். விக்டோரியா கால லண்டன் வீடு. மனைவிக்குப் புத்தி பிசகிவிட்டதாக அவளையே நம்பவைக்கும் கணவன். மேல்மாடியில் அவன் திருட்டுத்தனமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே அவள் அறையில் கேஸ் விளக்கு மங்கும்.

தோரோல்ட் டிக்கின்சன் இயக்கிய 1940 பிரிட்டிஷ் படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கணவனாக வரும் ஆன்டன் வால்புரூக் ஆரம்பத்திலிருந்தே கொடூரன், ஒளிவுமறைவே இல்லை. உதவிக்கு வருபவர் ஓய்வுபெற்ற, வயதான போலீஸ்காரர். காதல் வாடையே கிடையாது, அதுவே நிம்மதி.

ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்முக்காக ஜார்ஜ் குகோர் இயக்கிய 1944 படம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அந்த வீட்டில் முன்பு கொலையான பெண் இங்கே ஒரு பாடகி, நாயகியின் சித்தி. இத்தாலியில் காதல், அவசரக் கல்யாணம், அப்புறம்தான் அந்த வீடு. இன்கிரிட் பெர்க்மன் காதலில் பூரிப்பதை முதலில் பார்த்துவிடுவதால், ஒரு நகை காணாமல் போனதற்கு அவர் தடுமாறுவதே நம்மைப் பதறவைக்கிறது. ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை. சார்ல்ஸ் போயரின் கனிந்த குரல் வால்புரூக்கின் முறைப்பைவிட ஆபத்தானது. திமிர் பிடித்த வேலைக்காரியாக ஏஞ்சலா லான்ஸ்பரி. அவருக்கு அதுதான் முதல் படம்! ஜோசப் காட்டனின் அழகான துப்பறிவாளர்தான் ஒட்டவில்லை.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 1944. ஆனால் பழைய படத்தின் பிரதிகளை அழிக்க எம்ஜிஎம் முயன்றதாகச் சொல்வார்கள். அதைப் பார்த்தால் ஏன் பயந்தார்கள் என்பது புரியும்.