பழைய ஆம்ப்ளிஃபயரில் "மெயின் ஐசி போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

அப்பா ஆசையாக வைத்திருந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் சத்தம் நின்றுபோனது. வால்யூமை நன்றாகக் கூட்டினால் கரகரவென்று திரும்ப வரும், குறைத்தால் போய்விடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். மூடியைக் கழற்றி, ஹீட்சிங்கில் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) திருகியிருந்த நீளமான கறுப்புக் கட்டியைக் காட்டி, "மெயின் ஐசி போச்சு, மாத்தணும்" என்றார். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. சரி என்றேன். வாங்கும்போது பழைய பாகத்தைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம்.

மூன்றே வாரம். ஒரு நாள் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் வூஃபரிலிருந்து புகை வந்தது.

முன்பு தூசி தட்டியபோது எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதில் அந்தக் கட்டியின் மேல் எஸ்டிகே 4141 என்ற எண், கீழே ஒரே வரிசையில் 18 கால்கள். இது ஒரே சிலிக்கான் சில்லாக இருக்கும் சாதாரண ஐசி அல்ல, ஹைப்ரிட் மாட்யூல். அலுமினியத் தகட்டின் மேல் டிரான்சிஸ்டர்களும் ரெசிஸ்டர்களும் சேர்ந்து, இரண்டு பக்கத்துக்கும் பவர் கொடுக்கும் பகுதி முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும். சான்யோ தயாரித்தது. அந்த செமிகண்டக்டர் பிரிவே 2011இல் ஆன் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போய்விட்டது. இன்று இந்த எண்ணில் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. என் பெட்டிக்குள் வந்திருந்ததை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எண் பஞ்சோடு வந்துவிட்டது.

அதைவிட மனம் கொதித்தது இன்னொன்றைப் பார்த்தபோது. ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதுதான் ரிலே, ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பைத் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச். ஆன் செய்து சில நொடி கழித்து 'டிக்' என்று கேட்பது அதுதான். போர்டுக்கு அடியில் அதன் கான்டாக்ட்களை, அதாவது உள்ளே ஒட்டிப் பிரியும் உலோக முனைகளை, ஒயர் வைத்து நேராக இணைத்திருந்தார். கான்டாக்ட் கறுத்துப்போனால் சின்ன சத்தம் தாண்டாது, பெரிய சத்தம் தாண்டும். நான் சொன்ன கோளாறு அப்படியே அதுதான். ஆக, உண்மையான பழுது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒயரால் சரிக்கட்டிவிட்டு, நல்ல மாட்யூலைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டியிருக்கிறார். மாட்யூல் ஷார்ட் ஆனால் டிசி வோல்டேஜ் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஸ்பீக்கருக்குப் போகாமல் துண்டிப்பது ரிலேயின் வேலை. ஒயர் இருந்ததால் அது துண்டித்தும் பயனில்லை, வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிட்டது.

செட்டைக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். அந்த எண்ணை வைத்து டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) தேடினால் எது என்ன வேலை செய்கிறது என்று தெரியும். கழற்றும் பாகம் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கியதும் ஸ்பீக்கரை மாட்டாமல் டெர்மினலில் டிசி அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டவே மாட்டாதீர்கள். அப்புறம், 'டிக்' சத்தத்துக்குப் பிறகுதான் ஸ்பீக்கரில் பாட்டு வரவேண்டும். ரிப்பேருக்குப் பின் என் செட்டில் ஆன் செய்த உடனேயே ஸ்பீக்கரில் 'தொப்' என்று ஒரு அடி விழும். முன்பு அது இருந்ததில்லை. அன்றே திறந்து பார்த்திருந்தால் வூஃபராவது தப்பியிருக்கும்.

புது ரிலே போட்டாகிவிட்டது. வேறொரு பழைய செட்டிலிருந்து கழற்றிய அசல் 4141 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.