ஜூபிடர்-3: சரிசெய்ததால் கெட்டுப்போன லென்ஸ்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். பழைய ஜூபிடர்-3 ஒன்று நல்ல விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். ஆறு வருடமாக இந்தக் கேள்விக்குத் தயங்காமல் “வாங்குங்கள்” என்று சொல்லிவந்தவன் நான். இந்த முறை வாய் வரவில்லை. என் லென்ஸ் சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மி.மீ., எஃப் 1.5, லைக்கா வகைக் கேமராக்களில் திருகி மாட்டும் மவுண்ட். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்டெலே 1930களில் வடிவமைத்த சோனார் என்ற லென்ஸின் சோவியத் வாரிசு. என்னுடையது ஜாகோர்ஸ்க் ஆலையில் செய்தது. வரிசை எண் 62 என்று தொடங்குகிறது, அதாவது 1962. வாங்கியது சுமார் 12 ஆயிரம் ரூபாய்க்கு.

நான் சேர்ப்பது பிழையுள்ள லென்ஸ்களை. கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி, கோணலாக வெட்டிய எண், கேமராவில் மாட்டினால் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றுவிடும் தூர அளவுகோல் என்று ஏழெட்டு வைத்திருக்கிறேன். இதில் பெரிய தலைவலி, பிழை ஆலையில் பிறந்ததா, பிறகு எவரோ திறந்து மாட்டியதில் வந்ததா என்பதுதான். ஜூபிடர்களில் பெயரும் எண்ணும் பொறித்த முன்வளையம் தனியாகக் கழன்று வரும். 1955 வளையத்தை 1970களின் உடம்பில் மாட்டி விற்கிறார்கள். அதனால் எண்ணை நம்புவதில்லை, திருகுகளைத்தான் பார்ப்பேன். திருகின் பிளவில் கீறல் இருக்கிறதா, கழலாமல் இருக்க மேலே தடவிய அரக்கு உடைந்திருக்கிறதா, அவ்வளவுதான் சாட்சி.

இந்த 1962 லென்ஸில் கண்ணாடித் தொகுதியைப் பிடிக்கும் திருகுகள் மேல் கருஞ்சிவப்பு அரக்கு, கடுகளவு, முழுசாக இருந்தது. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் அதன் ஓரத்தில் தூரிகையின் ஒரே ஒரு முடி ஒட்டிக் காய்ந்திருப்பது தெரியும். அறுபது வருடமாக யாரும் தொடவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

இனி, இந்த லென்ஸ் எனக்குத் தந்த ஆச்சரியம். சோவியத் லென்ஸ்கள், ஜைஸின் பழைய கேமராவான கான்டாக்ஸின் கணக்கில் செய்யப்பட்டவை. பெயர்தான் 50, உண்மையான குவியத் தூரம் 52.4 மி.மீ. அளவில் இருக்கும். லைக்கா கணக்கு 51.6. சோவியத் கேமராக்களான ஜோர்கியிலோ ஃபெட்டிலோ மாட்டினால் பிரச்சினை இல்லை. லைக்கா கணக்கில் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளந்து ஃபோகஸ் காட்டும் அமைப்பு) உள்ள கேமராவில் மாட்டினால், தூரத்தில் சரியாக இருக்கும், பக்கத்தில் வரவர ஃபோகஸ் பின்னால் போகும். ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று செ.மீ. வித்தியாசம். எஃப் 1.5-இல், அதாவது முழுத் திறப்பில், கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு, அது தாங்காது. கண்ணுக்குக் குறி வைத்தால் அதற்குப் பின்னால்தான் கூர்மையாக விழும். ஜூபிடர்-3 வாங்கி ஏமாந்தேன் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இதில் மாட்டியவர்கள்.

என்னுடையதை, லைக்கா கணக்கில் அமைந்த என் கேனான் பி கேமராவில் மாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு மீட்டரில், முழுத் திறப்பில் எடுத்தேன். ஃபிலிம் கழுவி வந்ததும் நம்பவே முடியவில்லை. இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காதில் தொங்கிய தோடு மெல்லக் கரையத் தொடங்கியிருந்தது. அதே லென்ஸில் தெருக்கோடிக் கோபுரத்தை முழுத் திறப்பில் எடுத்தால் மங்கல். எஃப் 4-க்கு மூடினால் சரியாகிவிடும். அதாவது ஆலையில் எவரோ லென்ஸைத் தேவைக்கு மேல் சற்று வெளியே தள்ளி வைத்து மாட்டியிருக்கிறார்கள். ஜோர்கிக்கு அது பிழை. என் கேமராவுக்கு அதுதான் மருந்து. ஒரு பிழை இன்னொரு பிழையைச் சமன் செய்துவிட்டது. ஆறு வருடம் மனிதர்களை எடுக்க வேறு லென்ஸை நான் தேடவே இல்லை.

குறை இல்லாமலில்லை. திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் வளையத்தில் க்ளிக் கிடையாது. அதைத் திருகினால் ஃபோகஸும் கூடவே நகரும். எஃப் 2.8-க்கு மூடினால் ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் நழுவும், அது சோனாரின் பிறவிக் குணம். இதெல்லாம் பழகிவிடும்.

போன மழைக்காலத்தில் உள்ளே பனி படர்ந்த மாதிரி ஒரு படலம். பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நல்ல கைக்காரர். படலத்தைத் துளிக் கீறல் இல்லாமல் எடுத்துவிட்டார். அப்புறம் ஒரு ஜிப் கவரை நீட்டினார். உள்ளே மெல்லிய பித்தளை வளையம்.

“சார், இன்ஃபினிட்டி அவுட்டா இருந்துச்சு. உள்ள ரெண்டு ஷிம் போட்டு வச்சிருந்தான். ஒன்ன எடுத்துட்டு கரெக்ட் பண்ணிட்டேன்.”

இன்ஃபினிட்டி என்றால் வெகுதூரத்து ஃபோகஸ். ஷிம் என்றால் லென்ஸைச் சற்று வெளியே தள்ளி நிறுத்த உள்ளே போடும் மெல்லிய வளையம். ரெண்டு ஷிம்! ஆறு வருடமாக நான் ஊகித்துக்கொண்டிருந்த விஷயம் கவருக்குள் கிடந்தது. மைக்ரோமீட்டரில் 0.10 மி.மீ. அரக்கைச் சுரண்டி, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, புதுசாகத் திருகியிருந்தார். அந்த முடியும் போயிற்று.

அவர் மேல் தப்பில்லை. தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். இன்ஃபினிட்டியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்படியெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் கோபம் ஆறவில்லை. எடுப்பதற்கு முன் ஒரு போன் செய்திருக்கலாமே? ஆறு வருடமாகத் தெரிந்த வாடிக்கையாளர் வேண்டுமென்றே இப்படி வைத்திருப்பாரோ என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே?

வளையத்தை நானே திரும்பப் போட்டேன். ஃபிலிம் ஓடும் இடத்தில் மங்கல் டேப் ஒட்டி, லூப் வைத்து, ஒரு மீட்டரில் சரிபார்த்தேன். படம் பழையபடி விழுகிறது. அம்மாவை அதே ஜன்னலில் உட்காரவைத்து எடுத்தும் பார்த்தாயிற்று, இமை முடி இருக்கிறது. ஆனால் இனி இது நான் ஷிம் போட்ட லென்ஸ். இப்படி ஆயிரம் பேர் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். ஆலையிலிருந்து இரண்டு வளையத்தோடு வந்தது என்று நான் சொன்னால் யார் நம்புவார்? வாங்கிய அன்று லென்ஸை நாலு பக்கமும் படமெடுத்தேன், திருகை மட்டும் நெருக்கத்தில் எடுக்கவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மனிதர்களை எடுக்க இந்த விலையில் இதைவிட அழகான லென்ஸ் எனக்குத் தெரியாது, ஆனாலும் வாங்காதீர்கள். கேமரா லைக்கா கணக்கு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஷிம் வேலைதான் மிஞ்சும். பேசாமல் ஒரு ஜோர்கி-4 உடம்பும் சேர்த்து வாங்கினால் அது வேறு விஷயம். மீறி இதையே வாங்கினால், முதல் வேலையாகத் திருகுகளைப் படமெடுத்து வையுங்கள்.

என் பெட்டியில் இப்போது ஏழு லென்ஸுக்கும் ஒவ்வொரு துண்டுச் சீட்டு கட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: “துடைத்தால் போதும். இன்ஃபினிட்டியைத் தொட வேண்டாம்.”