சார்ட்டா, கார்டா, ஃபோனா, மடியில் புத்தகமா? வீட்டில் வாசிப்பு பழக்க எது உதவும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, புள்ளைக்கு எழுத்து சொல்லித் தர எதை வாங்குறது? சார்ட் வாங்கவா, கார்டு வாங்கவா? ஃபோன்லயே ஆப் இருக்காமே?" மூத்தவளுக்கு ஒரு வழியிலும் சின்னவனுக்கு வேறு வழியிலும் வீட்டில் சொல்லிக் கொடுத்தவள் நான். இரண்டு வழியிலும் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்த்துவிட்டேன், அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சுவர் சார்ட். விலை குறைவு, ஒட்டினால் வேலை முடிந்தது. மூத்தவள் இரண்டரை வயதில் அ, அம்மா, ஆ, ஆடு என்று ஆரம்பித்து ஃ வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிக் காட்டுவாள், எங்களுக்கு ஒரே பெருமை. ஒருநாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எ-வை மட்டும் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவள் அ-வுக்குப் போய், அங்கிருந்து வரிசையாகப் பாடிக்கொண்டே வந்து எ-வில் நின்றாள். அதாவது அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு, எழுத்து இல்லை. உரல் படத்தைப் பார்த்து "டம்ளர்" என்பாள், ஏனென்றால் எங்கள் வீட்டில் உரலே கிடையாது.

சார்ட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் வருவதெல்லாம் மெய்யும் உயிர்மெய்யும்தான். 12 உயிரெழுத்தையும் முடித்த பிள்ளையால் வாசிக்க முடிகிற சொல் எது என்று யோசித்துப் பாருங்கள். ஈ. அதைத் தாண்டி வீட்டுப் பேச்சில் இருக்கிற சொல் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதம் படித்தும் அதற்கு மேல் ஒரு சொல்கூட வாசிக்க வராவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து ஆசை வரும்?

அடுத்தது ஃபிளாஷ் கார்டு. கலைத்துப் போடலாம் என்பதால் அந்தப் பாட்டுச் சிக்கல் இதில் இல்லை. ஆனால் கடையில் விற்கிற டப்பாவிலும் அதே அ, ஆ, இ வரிசைதான் இருக்கும். நான் சின்னவனுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை வாங்கிவந்து நானே வெட்டி எழுதினேன். முதலில் ட, ப, ம மூன்று மட்டும். நேர்கோடுகளும் ஒரு வளைவும் போதும் என்பதால் கண்ணில் சட்டென்று பதியும். அப்புறம் ம், ர, க, ல் சேர்த்தேன். இந்த ஏழு கார்டில் படம், மடம், மரம், கடல், பல், கல், பகல் எல்லாம் வந்துவிடும், ட் சேர்த்தால் பட்டமும் வந்துவிடும். தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துத் தேடச் சொன்னால் அவனுக்கு அது விளையாட்டு. வேகவேகமாகக் காட்டி மனப்பாடம் பண்ண வைப்பதற்கு மட்டும் கார்டைப் பயன்படுத்தாதீர்கள்.

கார்டிலும் முட்டுக்கட்டை வரும். துணைக்காலும் ர-வும் பிள்ளைக் கண்ணுக்கு ஒன்று மாதிரிதான். மாமா என்று எழுதிக் காட்டினேன், அவன் விரல் வைத்து நிதானமாக "ம ர ம ர" என்று படித்தான்! தப்பு சொல்லவே முடியாது, தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் படித்திருக்கிறான். கெ, கொ இன்னும் கஷ்டம், எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் காதில் கேட்பது க்-குக்குப் பின்னால். அதையெல்லாம் நாலு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

ஃபோன் விஷயத்தில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிற அப்பா, காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிற அம்மா, பத்து நிமிஷம் பிள்ளை கையில் ஃபோனைக் கொடுப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அதைப் பாடம் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். 2003-ல் பாட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தது. நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியவரிடமிருந்து குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதே ஆளை டிவியில் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. அது கைக்குழந்தைகளை வைத்துச் செய்தது என்றாலும், மூத்தவள் எழுத்து ஆப்பில் சத்தம் வருவதற்காக மட்டும் கண்ட இடத்தில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் என்பதால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஃபோனில் ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், அதைத் திறந்து நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டினால் ஃபோனும் புத்தகம்தான்.

மடியில் புத்தகம், இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். நம் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு. "யானை கொளத்துல எறங்குச்சு" என்று பேசுகிற வீட்டில் வளர்கிற பிள்ளை, பள்ளியில் "யானை குளத்தில் இறங்கியது" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எழுத்தெல்லாம் தெரிந்தும் சொல் காதில் விழுந்த சொல்லாக இல்லாததால் தடுமாறும். சார்ட்டோ கார்டோ இதற்கு உதவாது. இரண்டு வயதிலிருந்தே மடியில் உட்கார வைத்து, புத்தகத்தில் இருக்கிறபடியே ஒரு தடவை படித்து, அப்புறம் நம் பேச்சில் ஒரு தடவை சொன்னால் இரண்டும் ஒன்றுதான் என்று அதற்குத் தானாகப் பிடிபடும். சின்னவன் ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் பொம்மையை விட்டுவிட்டு "இறங்கியது!" என்று கத்தினான். நாங்கள் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதே கிடையாது.

படிக்கும்போது நாம் மட்டும் படித்துக்கொண்டே போகக் கூடாது. பிள்ளையைக் கேட்க வேண்டும், அது சொல்ல வேண்டும், அது "நாய்" என்றால் நாம் "ஆமாம், கறுப்பு நாய், எங்க ஓடுது?" என்று நீட்ட வேண்டும். 1988-ல் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் கூட இருந்தவர்களும் பெற்றோருக்கு இப்படிப் படிக்கப் பழக்கிவிட்டுப் பார்த்தபோது, ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது. ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். புத்தகத்துக்குச் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, புதிதாக வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிற தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற படப் புத்தகங்கள் போடுகிறது.

இதோடு காசே இல்லாத ஒன்றும் இருக்கிறது, ஒலி விளையாட்டு. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும்போது சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடை கூடையாகக் காட்டுவேன். வஞ்சிரம், வவ்வால், வாளை, எல்லாம் எப்படி ஆரம்பிக்குது? நெத்திலி கூட யார் சேருவாங்க? நண்டு! இறால் தனியா நிக்குதே, அதுக்கு ஒரு கூட்டாளி சொல்லு என்றால் யோசித்துவிட்டு "இட்லி" என்பான். எழுத்து ஒன்றுமே தெரியாத வயதில் காது சொல்லைப் பிரிக்கப் பழகுகிறது. பின்னால் ம, ர, ம் என்று சேர்க்கும்போது கை கொடுப்பது இந்தக் காதுதான்.

தெருப் பலகைகளைக் காட்டிப் படிக்கப் பழக்கலாமே என்பவர்களுக்கு, பழக்கலாம், ஆனால் பிள்ளை பார்ப்பது எழுத்தையா நிறத்தையா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட் நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, மூத்தவள் பார்த்ததும் "ஆவின்" என்று படிப்பாள். அதையே வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினால் விழிப்பாள். கடைப் பலகைகளில் எழுத்தை வளைத்து நெளித்து அலங்காரமாக எழுதியிருப்பார்கள், பஸ் போர்டும் மெட்ரோ ஸ்டேஷன் பெயரும் நேரான எழுத்தில் இருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

எழுத வைப்பதா? மூன்று வயதில் பென்சிலும் நாலு கோடு நோட்டும் வேண்டாம், நிறையப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் விரல் அதற்குத் தயாராக இருக்காது. தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பி விரலால் இழுக்க விடுங்கள். 1790 வாக்கில் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார், பின்னால் அது இங்கிலாந்து வரைக்கும் போனது. நம் சரக்குதான்.

எல்கேஜி சீட்டுக்காக முதலில் ஏபிசிடி சொல்லித் தரட்டுமா என்று கேட்பவர்கள் அதிகம். தமிழில் க என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று பெயர் சொன்னால் கேட் (cat, பூனை) வராது, ஒலியைத் தனியாகப் படிக்க வேண்டும். அதனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள முடிச்சைத் தமிழில் பிடித்துவிட்டால் ஆங்கிலத்துக்குப் போவது சுலபம் என்பது என் அனுபவம். இரண்டு மொழியிலும் கதை கேட்கட்டும், எழுத்து மட்டும் தமிழில் ஆரம்பிக்கட்டும்.

இந்த மாதம் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படப் புத்தகம் வாங்குங்கள். அட்டை வெட்டி ஏழு எழுத்து எழுதுவது மூன்றரை வயதுக்கு மேல் போதும். சார்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டிவிக்கு மேலிருந்து கழற்றிப் பிள்ளை நின்றால் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி கீழே ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு படம், அதைப் பற்றிப் பேச்சு, அவ்வளவுதான். உரல் வருகிற அன்றைக்கு ஆயாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மிளகாய் இடித்த கதையை அவர் சொல்லட்டும்.