டொமைன் வியாபாரப் பயிற்சி என்று ஹட்டன் பக்கம் காசு வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. 'வீட்டில் இருந்தபடியே டொலரில் சம்பாதியுங்கள். டொமைன் வாங்கி விற்கும் தொழில். ஒருநாள் பயிற்சி, பத்து டொமைன் இலவசம்.' டொமைன் என்றால் ஒரு இணையத்தளத்தின் முகவரிப் பெயர். போன வருடம் இதற்கு நான் 35,000 ரூபா கட்டினேன். என்னோடு ஹோல் நிறையப் பிள்ளைகள் கட்டினார்கள். எனக்குத் தெரிந்து அதில் ஒருவருக்கும் ஒரு சதம் வரவில்லை. நடத்துகிறவர் பெயரை இங்கே போடவில்லை, பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது. அவர் செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன்.

தொழில் பொய்யில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இணையப் பெயர்களுக்கான விதிகளை 1998இல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. .காம் பெயர்களின் பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. நமக்கு விற்பவை ரெஜிஸ்ட்ரார் எனப்படும் பதிவு நிறுவனங்கள். கார்ட் இருந்தால் யாரும் ஒரு பெயரை எடுக்கலாம், ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடத்துக்கு. அதைக் கூடிய விலைக்கு விற்று நன்றாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்பில் பயிற்சி நடத்தியவர் காட்டிய படங்களில் இருந்த விலைகளும் உண்மையானவைதான். 2019இல் வொய்ஸ்.காம் என்ற பெயர் 3 கோடி டொலருக்கு விற்றது. 2010இல் இன்ஷூரன்ஸ்.காம் 3.56 கோடி டொலர். ஆனால் முதலாவது, ஆங்கிலத்தில் ஒரே ஒரு சாதாரணச் சொல், .காமில், ஒரு பெரிய கம்பனி வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தது. இரண்டாவதில் பெயரோடு நடந்துகொண்டிருந்த இணையத் தொழிலும் சேர்ந்து கைமாறியது. இதை அவர் சொல்லவில்லை. 'உங்க பெயரும் ஒருநாள் இப்படிப் போகும் தம்பி' என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்து உட்கார வைத்த ஆள் என்று இப்போது தோன்றுகிறது.

இனி அந்தப் 'பத்து இலவசம்'. ஒரு .காம் பெயருக்குப் பதிவு நிறுவனங்களிடம் வெரிசைன் வருடத்துக்கு எடுக்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டொலர் ஆனது. டொலரை 300 ரூபா என்று வைத்தால் மூவாயிரத்துச் சொச்சம். அதனால் பத்தில் ஒன்றுகூட .காம் இல்லை. எல்லாம் .ஒன்லைன், .சைட் வகை. இந்த வகைப் பெயர்கள் முதல் வருடம் ஓரிரு டொலருக்குச் சலுகையில் கிடைக்கும். இரண்டாம் வருடம் புதுப்பிக்கப் போனால் இருபது, முப்பது டொலர் கேட்கும். எனக்குத் தந்தவற்றில் பாதி எல்ல ஹோம்ஸ்டே, எல்ல ஹைக்கிங் என்று, எல்ல என்ற சுற்றுலா ஊரின் பெயரை வைத்து ஒட்டியவை. எல்லவில் அறை வாடகைக்கு விடும் தெரிந்த அண்ணா ஒருவரிடம் வாங்குவீர்களா என்று கேட்டேன். 'எனக்கு வெப்சைட்டே வேணாம் தம்பி, புக்கிங்ல வர்ற ஆளுங்களுக்கே ரூம் பத்தல' என்றார். யார் வாங்குவார் என்ற கேள்விக்கு வகுப்பில் கிடைக்காத பதில் அங்கே அரை நிமிடத்தில் கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார். தங்க நிற ஓரம், லெமினேட் செய்தது, மேலே 'டொமைன் உரிமைச் சான்றிதழ்', கீழே பத்துப் பெயர், ஒரு நீல முத்திரை. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி அதை அப்போதே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர் கட்டியது அம்மாவின் ஈ.பி.எஃப் காசு. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த நேரம் அது. 35,000 என்றால் ஒரு மாதத்துச் சம்பளம் முழுக்க.

டொமைன் உரிமை லெமினேட் தாளில் இருப்பதில்லை. யாருடைய கணக்கில், யாருடைய மின்னஞ்சலில் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புதிதாக ஒரு பெயரைப் பதிந்தால், உரிமையாளரின் மின்னஞ்சலையோ போனையோ 15 நாளுக்குள் உறுதிப்படுத்தச் சொல்லிப் பதிவு நிறுவனம் கேட்க வேண்டும் என்பது ஐகான் விதி. அநேகமாக ஒரு லிங்க் வரும். எங்களில் ஒருவருக்கும் அப்படி எதுவும் வரவில்லை. எல்லாப் பெயரும் அவருடைய கணக்கிலேயே கிடந்தன.

என் பெயர்களை என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள், ஓத் கோட் தாருங்கள் என்று கேட்டேன். அந்தக் கோட் இருந்தால்தான் பெயரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். 'புதுசா எடுத்த டொமைனை 60 நாளைக்கு மாத்த ஏலாது தம்பி, அது சர்வதேசச் சட்டம்' என்று வொய்ஸ் மெசேஜ் வந்தது. 60 நாள் கட்டுப்பாடு உண்மையில் இருக்கிறது, ஆனால் அது ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றும்போதுதான். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. 60 நாள் முடிந்த பிறகு கேட்டால், 'சிஸ்டம் அப்டேட் நடக்குது, அவசரப்படாதீங்க.' உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் கோட் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பதிவேட்டில் உரிமையாளர் அவராகவே இருந்தால் அந்த விதியை வைத்து நாம் எங்கே முறையிடுவது?

இதற்கிடையில்தான் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. துபாயில் முதலீட்டாளராம், என் டொமைன்களில் ஒன்றை 4,500 டொலருக்கு எடுக்கிறாராம். ஒரே நிபந்தனை, 'அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டுச் சான்றிதழ்' வேண்டும், அதை அவர் சொல்லும் இணையத்தளத்தில்தான் எடுக்க வேண்டும், கட்டணம் 80 டொலர். பொகவந்தலாவைத் தங்கச்சி அதையும் கட்டிவிட்டார். கட்டிய பிறகு துபாயிலிருந்து பதிலே இல்லை. உலகம் முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று இது. வாங்குகிறவர், மதிப்பீடு செய்கிறவர் இரண்டும் ஒரே ஆள். உண்மையாக வாங்க வருகிறவர் விலை பேசுவார், சான்றிதழ் கேட்க மாட்டார். எந்தெந்தப் பெயர் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க நேம்பயோ என்ற தளமே போதும்.

எனக்கு உறுத்தியது வேறொரு விஷயம். வகுப்புக் குழுவில் விசாரித்தால் அதே மின்னஞ்சல், எழுத்து மாறாமல், இன்னும் சிலருக்கும் வந்திருந்தது. அவரவர் டொமைன் பெயர் சரியாக இருந்தது. ஆனால் எங்கள் மின்னஞ்சல் முகவரி அந்தப் பெயர்களின் பதிவில் எங்குமே இல்லையே! ஐகானின் தேடல் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் விவரம் முழுக்க மறைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் இன்ன பெயர் இன்னாருடையது, அவர் முகவரி இது என்று துபாய்க்காரருக்கு யார் சொன்னது? இரண்டும் ஒன்றாக இருந்தது எனக்குத் தெரிந்து பயிற்சி நடத்தியவரிடம் மட்டும்தான். பயிற்சி நாள் காலையில் வாசலில் மேசை போட்டு எங்கள் மின்னஞ்சலை எழுத வைத்த கொப்பியும் அவரிடம்தான்.

இதைக் குழுவில் கேட்டேன். கேட்ட உடனே என்னை நீக்கிவிட்டார்.

வருடம் முடிந்ததும் புதுப்பிக்கும் கட்டணம் என்று ஒரு டொமைனுக்கு 12,000 ரூபா கேட்டு எல்லோருக்கும் செய்தி போயிருக்கிறது. தயவுசெய்து கட்டாதீர்கள். கட்டினாலும் அவர் கணக்கில் இருக்கும் அவர் பெயரைத்தான் புதுப்பிக்கிறீர்கள். 'சிலோன் டீ' என்று வரும் பெயர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். சிங்க இலச்சினையோடு அந்தப் பெயரை இலங்கைத் தேயிலைச் சபை காத்து வருகிறது. வணிகக் குறி உள்ளவர்கள், கெட்ட எண்ணத்தோடு பதிந்த பெயரைப் பதிந்தவருக்குக் காசு கொடுக்காமலே கேட்டு வாங்குவதற்கு 1999இலிருந்து தனி நடைமுறையே இருக்கிறது.

பெயர் உண்மையிலேயே உங்களுக்கு வேண்டும் என்றால் காலாவதியாக விட்டுவிடுங்கள். .காம் மாதிரியான பெயர் காலாவதியான பிறகு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை பழைய ஆளுக்கே அவகாசம், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க மேலதிகக் கட்டணம், கடைசியாக 5 நாளில் அழியும். அதற்குப் பிறகு யாரும் எடுக்கலாம். நீங்களே, உங்கள் கார்டில், உங்கள் மின்னஞ்சலில் எடுங்கள். ஐகான் தளத்தில் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. .எல்கே பெயர் வேண்டுமானால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் நேராகவே போகலாம்.

காசு கட்டியவர்கள் பாங்க் சிலிப், ரிசீட், வொய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். ரிசீட்டில் 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் எழுதியிருப்பார், டொமைன் என்ற சொல்லே இருக்காது. பொலிஸில் எங்களை முதலில் திருப்பி அனுப்பியது இதனால்தான், 'பயிற்சி குடுத்திருக்காரே, அப்புறம் என்ன?' என்றார்கள். பத்து டொமைன் தருவதாகச் சொன்ன விளம்பரத்தையும் லெமினேட் சான்றிதழையும் கொண்டுபோய் வைத்த பிறகுதான் எழுதிக்கொண்டார்கள். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.